தாய்ப்பன்றிப் பதிவுச் செயலி: எங்கள் பண்ணையில் பயன்படுத்திய பின் ஒரு மதிப்பீடு

இனப்பெருக்கத்துக்கென வளர்க்கும் பெண் பன்றிகளின் இனச்சேர்க்கை, ஈற்று, பால்மறப்பு ஆகிய தேதிகளைக் கைப்பேசியில் பதிந்துகொள்ள உதவும் இந்தச் செயலியின் உண்மையான பலம், அது பலனற்ற நாட்களை, அதாவது பன்றி சினையாகவும் இல்லாமல் பாலூட்டவும் செய்யாமல் கழியும் நாட்களை, தனியாகக் கணக்கிட்டுக் காட்டுவதுதான். சினைக்காலம் 114 நாட்கள், குட்டிகள் பால் குடிக்கும் காலம் 28, மறுபடி பருவத்துக்கு (சேர்க்கைக்குத் தயாரான நிலைக்கு) வர 7 எனக் கொண்டால் ஒரு சுற்று 149 நாட்களாகி, ஆண்டுக்குச் சுமார் 2.45 ஈற்றுகள் கிடைக்கும். ஒரேயொரு பருவம் கவனிக்கப்படாமல் போனால் 21 நாட்கள் கூடி, அதே பன்றியின் கணக்கு 2.15 ஆகக் குறைந்துவிடும். தீவனச் செலவோ ஒரு நாளும் நிற்பதில்லை. ஆகவே, சேர்க்கைக்குப் பின் 18 முதல் 24 நாட்களுக்குள் பருவம் திரும்புகிறதா என்று பார்க்கச் செயலி தரும் நினைவூட்டலை நான் மிகவும் மதிக்கிறேன்.

உயிருடன் பிறந்தவை, இறந்து பிறந்தவை, கருப்பையிலேயே காய்ந்துபோனவை என மூன்றையும் பிரித்துப் பதிய இடமிருப்பது நல்லது. மொத்த எண்ணிக்கையை மட்டும் எழுதும் நோட்டில் சிக்கல் எங்கே தொடங்கியது என்பதே தெரியாது.

குறையும் உண்டு. கிடேரிப் பன்றிகளை, அதாவது இன்னும் ஈனாத இளம் பெண் பன்றிகளை, முதல் ஈற்றுக்குப் பிறகே கணக்கில் சேர்ப்பதால், சினைபிடிக்காமல் தின்றுகொண்டிருக்கும் இளம் பன்றிகள் சராசரியில் தோன்றுவதேயில்லை. பண்ணை உள்ளதைவிட மேலானதாகக் காட்சியளிக்கிறது. வளர்ப்புத்தாயிடம் மாற்றிய குட்டிகளைப் பெற்ற தாயின் கணக்கிலேயே வைப்பதும் திருத்தப்பட வேண்டும். சிறு பண்ணையாளர்களுக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். கிடேரிகளுக்கு மட்டும் தனி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.