ரெட்கேப்: ஐசியூ ஆராய்ச்சிக்கு ஒத்துவருமா?

ஐசியூ வேலையோடு ஆராய்ச்சியும் செய்கிற என்னைப் போன்ற டாக்டர்களுக்கு எக்செல் ஷீட் பெரிய தலைவலி. எந்தக் கட்டத்தை யார் எப்போது மாற்றினார்கள் என்று தெரியாது. ஆய்வுத் தகவல்களைப் பதிந்து வைக்கும் மென்பொருளான ரெட்கேப்பில் ஒவ்வொரு மாற்றமும் பெயரோடு, நேரத்தோடு பதிவாகிவிடும். நான் மாறியதே அதற்காகத்தான். 2004-இல் அமெரிக்காவின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் உருவானது. லாப நோக்கில்லாத நிறுவனங்களுக்கு இலவசம். ஆனால் ஒப்பந்தம் போட வேண்டியது நிறுவனம்தான், தனி ஆள் அல்ல.

எனக்கு ரொம்பப் பிடித்தது, தானாகக் கணக்குப் போடும் வசதி. வென்டிலேட்டர் ஆய்வில் டைடல் வால்யூமை (ஒரு மூச்சில் உள்ளே போகும் காற்றின் அளவு) நிஜ எடைக்குப் பார்க்கக் கூடாது, உயரத்தை வைத்து வரும் எடைக்குப் பார்க்க வேண்டும். 152.4 செ.மீ.க்கு மேலுள்ள ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 0.91 கிலோ, அதை ஆணுக்கு 50-உடன், பெண்ணுக்கு 45.5-உடன் கூட்டணும். இதை ஒருமுறை எழுதிவைத்தால், நைட் டியூட்டி பார்ப்பவர் உயரத்தைத் தட்டினால் போதும்.

ஒரு இடத்தில் உஷார். உறுப்புகள் எவ்வளவு பழுதாகியிருக்கின்றன என்று காட்டும் சோஃபா ஸ்கோரில், மதிப்பெண் கூடக் கூட நிலைமை மோசம். அதன் 6 மதிப்பெண்களைக் கூட்டல் குறி போட்டுச் சேர்த்தால், பிலிருபின் (கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை) ரிசல்ட் வராத நாளில் மொத்தமும் காலியாக நிற்கும். 'சம்' ஃபங்ஷன் போட்டாலோ இருப்பதை மட்டும் கூட்டிவிடும். மோசமாக இருக்கும் நோயாளி தாளில் தேறியவர் மாதிரித் தெரிவார். என் ஓட்டு காலிக்குத்தான்.

திரை அழகு? சுமார். அப்புறம், ஆய்வு ஓட ஆரம்பித்தபின் கேள்விகளை மாற்றுவது சுற்று வேலை. வரைவாகப் போட்டு ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். எத்திக்ஸ் கமிட்டிக்குப் பதில் சொல்கிறவர்களுக்கு இது குறையாகவே படாது.