ஹண்டிங்டன் பரிசோதனையும் ஆல்சைமர் பரிசோதனையும்

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வந்து மூளையைச் சிதைக்கும் ஹண்டிங்டன் நோயின் மரபணு 1993-இல் பிடிபட்டது. அதில் சி.ஏ.ஜி. என்ற எழுத்துத் தொடர் 40 முறையோ அதற்கு மேலோ வந்தால், வழக்கமான ஆயுள் வாழ்பவருக்கு நோய் வந்தே தீரும். குணப்படுத்த வழியில்லை. தாத்தாவுக்கு நோய், அப்பா பரிசோதனையே வேண்டாம் என்கிறார், மகன் செய்துகொள்கிறான் என்று வையுங்கள். மகனுக்கு 'உண்டு' என்று வந்தால், அப்பாவுக்கும் சேர்த்தே தீர்ப்பு எழுதியாயிற்று. தெரியாமலே இருக்க அவருக்கு இருந்த உரிமை?

நினைவை அழிக்கும் ஆல்சைமரோடு சேர்த்துப் பேசப்படும் அப்போ-இ4 (அப்போ-இ என்ற மரபணுவின் ஒரு வகை) இப்படிக் கறாராகப் பேசாது. ஆபத்தைக் கூட்டும், அவ்வளவுதான். அது இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு, இல்லாமலே வந்தவர்களும் உண்டு. ஆனாலும் பயம் பயம்தான். 2007-இல் தன் மரபணுத் தொகுதியை வெளியிட்ட ஜேம்ஸ் வாட்சன், அப்போ-இ விவரத்தை மட்டும் மறைக்கச் சொன்னார். டி.என்.ஏ.வின் வடிவத்தைச் சொன்ன மனிதர்!

சரி, சட்டம்? அமெரிக்காவின் 2008-ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது: மரபணு முடிவைக் காட்டி ஒதுக்காமலிருக்க வேலைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் பாதுகாப்பு உண்டு, ஆயுள் காப்பீட்டுக்கு இல்லை. பிரிட்டனில் அரசும் காப்பீட்டு நிறுவனங்களும் செய்துகொண்ட உடன்பாடு வித்தியாசம் பார்க்கிறது. நோய் வருமுன்பே செய்யும் முன்கணிப்புச் சோதனைகளில் ஹண்டிங்டன் முடிவை மட்டும், அதுவும் 5 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட ஆயுள் காப்பீட்டுக்கு மட்டும் கேட்கலாம். எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது.