மொட்டையா, நெட்டையா? ஹாக்லரும் மொன்சோனும் மோதியிருந்தால்

எங்கள் தறிக் குடோனில் ராத்திரி ஷிப்ட்டில் கரண்ட் போனால் எனக்கு இரண்டே வேலை. டீக்கடைக்குப் போவது, இல்லையென்றால் போனில் பழைய குத்துச்சண்டை பார்ப்பது. போன ஐப்பசி மழையில் ஒருநாள் மூன்று மணி நேரம் கரண்ட் வரவில்லை. சோமனூரில் தறிச்சத்தம் மொத்தமாக அடங்கினால் நிம்மதியாக இருக்காது, காது அடைத்துக்கொண்ட மாதிரி இருக்கும். அன்றைக்குத்தான் பெரிய மாமாவுக்கு முதன்முதலாக அமெரிக்கக் குத்துச்சண்டைக்காரர் மார்வின் ஹாக்லரைக் காட்டினேன்.

மாமாவுக்குக் குத்துச்சண்டை தெரியாது, சேவல் தெரியும். முப்பது வருஷம் கட்டுச்சேவல் வளர்த்தவர். கோர்ட்டு, போலீஸ் என்று ஆனபிறகு வளர்ப்பதோடு சரி. போனை எட்டப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஆளின் முகத்தை விட்டுவிட்டுக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம் மாப்ள, இந்த மொட்டையன் எந்தக் காலை முன்னாடி வெக்கறான்னே பிடிபடலையே. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தில்ல நிக்கறான்."

பெயரே தெரியாமல் ஹாக்லரின் மொத்த வித்தையையும் ஒரே வரியில் சொல்லிவிட்டார். வலக்கையை முன்னால் நீட்டி நிற்கும் சவுத்பா அவர். சண்டை நடுவில் சட்டென்று இடது காலை முன்வைத்து மற்றவர்களைப்போல நின்றுகொள்வார். அப்போதும் குத்தின் கனம் குறையாது. தறியில் நாடா இந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் வந்தாலும் ஊடை விழத்தானே செய்கிறது, அப்படி.

அடுத்து அர்ஜென்டினாக்காரர் கார்லோஸ் மொன்சோனைப் போட்டேன். மாமா இரண்டு ரவுண்டு பார்த்துவிட்டு, "இவனென்ன, சந்தையில மாடு பாக்க வந்தவனாட்ட நிக்கறான்" என்றார். மூன்றாம் ரவுண்டில் சிரிப்பு போய்விட்டது. "பின்னால போகும்போதும் அடிக்கறான் பாரு. எட்டிப் போற சேவலை நம்பக் கூடாது மாப்ள."

இருவரும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார் என்று அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு இன்னும் முடியவில்லை. மாமா ஹாக்லர் பக்கம், நான் மொன்சோன் பக்கம். இதில் வேடிக்கை என்னவென்றால் எனக்குப் பிடித்தவர் ஹாக்லர்தான். பிராக்டன் ஊரில் பெட்ரொனெல்லி சகோதரர்களின் கட்டட வேலையில் கூலிக்குப் போய்க்கொண்டே அவர்களிடமே குத்துச்சண்டை பழகியவர். 1973-ல் தொழில்முறைக்கு வந்தும் பட்டத்துக்கு 1980 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லண்டன் வெம்ப்ளியில் உள்நாட்டுச் சாம்பியன் ஆலன் மின்டரை மூன்றே ரவுண்டில் முடித்தபோது கூட்டம் பாட்டிலை வீசியது. பட்டம் வென்ற நிமிஷத்தில் தலையைக் காப்பாற்றிக்கொள்ளக் குனிய வேண்டியதாகிவிட்டது அந்த மனுஷனுக்கு. அப்படிப்பட்டவர் தோற்பார் என்று எழுத எனக்கே கசப்பாகத்தான் இருக்கிறது.

இருவரும் 160 பவுண்டு, அதாவது நம் கணக்கில் எழுபத்திரண்டரை கிலோ மிடில்வெயிட். மொன்சோன் 1970 முதல் 1977 வரை சாம்பியன், 14 முறை பட்டத்தைக் காத்தார். ஹாக்லர் 1980 முதல் 1987 வரை, 12 முறை. மொன்சோன் 87 வெற்றி, 3 தோல்வி, 9 டிரா. ஹாக்லர் 62 வெற்றி, 3 தோல்வி, 2 டிரா. நாக் அவுட் முறையே 59, 52. மொன்சோனின் மூன்று தோல்வியும் 1964-க்குள் முடிந்துவிட்டன. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அவரை யாரும் ஜெயிக்கவில்லை. அந்த மூன்றும் புள்ளிக் கணக்கில் வந்த தோல்விகள். ஹாக்லரின் மூன்றும் அப்படித்தான். இருவரையுமே யாரும் அடித்து நிறுத்தியதில்லை. ஆகவே இந்தச் சண்டை நடந்திருந்தால் கடைசி மணி வரை போயிருக்கும் என்பதில் மட்டும் மாமாவுக்கும் எனக்கும் தகராறு இல்லை. 1972-ன் மொன்சோன், 1983-ன் ஹாக்லர், 15 ரவுண்டு என்று வைத்துக்கொண்டோம்.

மொன்சோன் நெட்டை, கை நீளம், அதனால் ஜெயிப்பார் என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அளவெடுத்துப் பார்த்தால் அவர் கைவீச்சு, அதாவது இரண்டு கையையும் விரித்த அளவு, 76 அங்குலம், ஹாக்லருக்கு 75. உயரத்திலும் இரண்டு அங்குலம்தான் கூட. ஓர் அங்குலத்தில் என்ன இருக்கிறது? நிற்கிற விதத்தில் இருக்கிறது. மொன்சோன் முதுகை வளைக்கமாட்டார். தலையைப் பின்னுக்கு வைத்து, இடக்கையைத் திண்ணைத் தூண் மாதிரி முன்னால் நட்டுவைத்திருப்பார். எதிராளி குத்தும்போது அரை அடி பின்னால் சாய்வார், குத்து மூக்குக்கு முன்னால் நின்றுபோகும். அது திரும்புவதற்குள் வலக்கை நேராக இறங்கும். ஹாக்லர் தோளைக் குறுக்கி, தாடையைப் புதைத்து, எட்டு வைத்து நெருங்குகிறவர். 75 அங்குலக் கைவீச்சு இருந்தும் அவர் அடிப்பது கிட்டத்தில் இருந்துதான். காகிதத்தில் ஓர் அங்குலமாக இருப்பது களத்தில் ஒரு முழமாகிவிடும்.

அடுத்தது சவுத்பா சங்கதி. வலக்கை முன்னால் வைத்தவனுக்கு எதிராக வழக்கமான ஆட்டக்காரனின் முதல் ஆயுதம் நேரான வலது குத்து. முன்கைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்போது நடுவில் திறக்கிற சந்தில் அதுதான் நுழையும். மொன்சோனிடம் இருந்த மிகச் சிறந்த குத்தே அதுதான். 1970-ல் ரோமில், இத்தாலிக்காரர் பென்வெனுட்டியை அவர் நாட்டுக் கூட்டத்தின் முன்னாலேயே 12-ஆம் ரவுண்டில் சாய்த்ததும் அந்த வலது. ஹாக்லர் நிலை மாற்றி நின்றால் அந்தச் சந்து மூடிக்கொள்ளும் என்று மாமா சொல்கிறார். மூடும்தான், ஆனால் மாறுகிற அந்தக் கணத்தில் இரண்டு காலும் ஒரே கோட்டில் நிற்கும். காத்திருந்து அடிக்கிற ஆளுக்கு அந்த ஒரு கணம் போதாதா?

இருவரும் மோதிய பொது எதிராளி பிலடெல்பியாவின் பென்னி பிரிஸ்கோ. மொன்சோன் 1967-ல் அவரோடு டிரா செய்தார், 1972-ல் புவெனோஸ் ஐரெஸில் 15 ரவுண்டு ஆடிப் புள்ளியில் ஜெயித்தார். ஒன்பதாம் ரவுண்டில் பிரிஸ்கோவின் வலது பட்டு மொன்சோன் தள்ளாடியது நிஜம். ஹாக்லர் 1978-ல் அதே பிரிஸ்கோவை 10 ரவுண்டில் சிரமமில்லாமல் வென்றார். மாமா இதைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா, உன்ற ஆளு ஆடிப்போன எடத்துல என்ற ஆளு அலுங்காம ஜெயிச்சிருக்கான்." அந்த 1978-ல் பிரிஸ்கோவுக்கு வயது 35 என்று சொன்னேன். "அதுக்கென்ன இப்போ" என்று எழுந்துபோய்விட்டார்.

சின்ன ஆட்களை அடித்துப் பெயர் வாங்கினார் என்று மொன்சோனைச் சிலர் சொல்வதுண்டு. அவரிடம் தோற்ற நாப்போலெஸ், கிரிபித் இருவரும் கீழ் எடையான வெல்டர்வெயிட்டிலிருந்து ஏறி வந்தவர்கள், சரிதான். ஹாக்லர் மோதிய டுரான், ஹெர்ன்ஸ், லெனர்டு மட்டும் எங்கிருந்து வந்தார்களாம்? இதில் இருவருக்கும் ஒரே தராசு, தள்ளிவிடலாம். அசல் மிடில்வெயிட்டில், மொன்சோன் மோதிய ரோட்ரிகோ வால்டேஸ் அளவுக்குக் கனத்த ஆள் ஒருவரை ஹாக்லர் பட்டக் காலத்தில் சந்தித்தாரா என்று நான் யோசித்ததுண்டு. முகாபியைச் சொல்லலாம், ஆனால் அவரும் ஓர் எடை கீழிருந்து வந்தவர்தான்.

என் முடிவுக்கு உண்மையான காரணம் உடம்பில் இல்லை, ஹாக்லரின் குணத்தில் இருக்கிறது. தன் மேல் பாய்ந்து வருகிற ஆளை அவர் கிழித்துப்போடுவார். வராமல் நின்று யோசிக்கிற ஆளிடம் அவரும் நின்று யோசிக்க ஆரம்பித்துவிடுவார். 1979-ல் சாம்பியன் அன்டுவோபெர்மோவோடு முதல் பாதியில் கைக்கு எட்டிய பட்டத்தைப் பின்பாதியில் நழுவவிட்டு டிராவோடு திரும்பினார். 1983-ல் டுரான், வெல்டர்வெயிட்டுக்கும் கீழான லைட்வெயிட்டிலிருந்து வந்த மனுஷன், 13 ரவுண்டு முடிந்தபோது இரண்டு நடுவர்களின் தாளில் ஒரு புள்ளி முன்னால் இருந்தார். கடைசி இரண்டு ரவுண்டில் ஹாக்லர் மீட்டுக்கொண்டார். 1987-ல் லெனர்டோடு ஆரம்ப ரவுண்டுகளைச் சவுத்பா நிலையே எடுக்காமல் வீணடித்தார், பட்டமே போனது. எதிராளி கொடுக்கிற வேகத்தில்தான் ஹாக்லர் ஓடுவார். மொன்சோன் வேகம் கொடுக்கவே மாட்டார்.

இதற்கு மாமாவிடம் ஒரே பதில். அதுதான் வலுவான பதிலும். 1985 ஏப்ரல் 15, லாஸ் வேகஸ், ஹெர்ன்ஸ். "அந்த ஒல்லியன் உன்ற நெட்டையனைவிட நெட்டை. மொட்டையன் மணியடிச்சதும் ஓடிப்போய் அடிச்சானா இல்லியா? நெத்தி ஒடஞ்சு ரத்தம் ஒழுகியும் மூணாவது ரவுண்டுல சாச்சானா இல்லியா?"

ஆமாம், சாய்த்தார். உயரமும் கைவீச்சும் மொன்சோனைவிடக் கூடுதலான ஆளை, தூரத்தையே இல்லாமலாக்கி அடித்தார். அந்த ஹாக்லர் வந்தால் நான் எழுதியது அத்தனையும் தப்பு. ஆனால் ஹெர்ன்ஸ் அன்றைக்குக் கட்டிப்பிடிக்கவில்லை, நின்று அடித்தார். முதல் ரவுண்டிலேயே வலக்கை எலும்பு உடைந்தும் அடித்தார். மொன்சோன் அப்படி வீரம் காட்டுகிறவர் இல்லை. நெருங்கி வந்தவனின் கழுத்தை இடக்கையால் வளைத்து, முழங்கையால் தள்ளி, நிலையைக் குலைத்து, நடுவர் பிரித்துவிடும்போது ஒரு வலது கொடுத்து அனுப்புவார். பார்க்க அசிங்கம்தான், ஆனால் வேலைக்கு ஆகும். குட்டைச் சேவல் நெட்டைச் சேவலின் நெஞ்சுக்குள் புகுந்துவிட்டால் நெட்டைக்குக் கால் வீச இடமில்லை என்பது மாமாவின் சேவல் சாஸ்திரம். சேவலுக்குக் கை இல்லையே மாமா, கட்டிப்பிடிக்க முடியாதே என்றேன். இதற்கு மட்டும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

எங்கே நடக்கிறது, நடுவர் யார் என்பதும் சின்ன விஷயமல்ல. பிடித்தால் உடனே பிரித்துவிடும் நடுவர் கிடைத்தால் ஹாக்லருக்குப் பாதிப் பிரச்சனை தீர்ந்தது. மொன்சோன் அமெரிக்காவில் ஆடியதே ஒருமுறைதான், 1975-ல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் லிகாட்டாவோடு. மற்றபடி பட்டச் சண்டைகள் பெரும்பாலும் புவெனோஸ் ஐரெஸ், ரோம், பாரிஸ், மான்டிகார்லோ. நாங்கள் பொது இடமாக மான்டிகார்லோவை முடிவு செய்தோம். அது எப்படிப் பொது இடம் ஆகும் என்று மாமாவுக்குக் கேட்கத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

ஒருநாள் இதையெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்போது அத்தை காபி கொண்டுவந்தார். "அந்த நெட்டையன் இப்ப எங்க இருக்கறான் கண்ணு?" என்று கேட்டார். சொன்னேன். 1988-ல் மனைவி அலிசியா முனிஸைக் கொன்றது, 11 வருஷத் தண்டனை, 1995-ல் விடுப்பில் வெளியே வந்து சிறைக்குத் திரும்பும் வழியில் கார் கவிழ்ந்து செத்தது. அத்தை டம்ளரை வைத்துவிட்டு, "அப்பேர்ப்பட்டவன் ஜெயிச்சா என்ன, தோத்தா என்ன. அவனுக்குப் போய்ப் பரிஞ்சு பேசிட்டு இருக்கறீங்க" என்று உள்ளே போய்விட்டார். எனக்குக் காபி இறங்கவில்லை. வளையத்துக்குள் யார் பலசாலி என்று மட்டும்தான் எழுதுகிறேன். அந்த ஆளுக்கு வக்காலத்து வாங்கவில்லை.

இனி என் கணிப்பு. முதல் நான்கு ரவுண்டில் மூன்று மொன்சோனுக்கு. ஹாக்லர் அளந்துகொண்டிருப்பார், மொன்சோனின் இடக்கையும் வலக்கையும் அவர் நெற்றியில் விழுந்துகொண்டிருக்கும். ஐந்திலிருந்து அவர் விலாவுக்கு இறங்குவார். ஐந்து முதல் பத்து வரை ஆறு ரவுண்டில் நான்கு ஹாக்லருக்கு, எட்டிலோ ஒன்பதிலோ மொன்சோன் பிரிஸ்கோவிடம் ஆடியதுபோல ஒருமுறை ஆடிப்போவார். பதினொன்று மொன்சோன், பன்னிரண்டு ஹாக்லர். அதுவரை ஆளுக்கு ஆறு. பதினான்கு மொன்சோனுக்கு. 1976-ல் வால்டேஸை அவர் கீழே தள்ளியதே 14-ஆம் ரவுண்டில்தான், பிந்தப் பிந்தத்தான் அவர் கை சூடாகும். பதினைந்து ஹாக்லருக்கு, டுரானிடம் செய்ததுபோல. பதிமூன்றையும் மொன்சோனுக்கே கொடுத்து 8-7 என்று முடித்தேன்.

மாமாவும் தினக்காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் கோடு கோடாகப் போட்டு வைத்திருக்கிறார். அவருடையதும் 8-7, ஆனால் மொட்டையனுக்கு. இரண்டு தாளையும் பாவு பீமின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வித்தியாசம் ஒரே ஒரு ரவுண்டு, பதிமூன்று.

"சிகரெட்டு குடிக்கறவன்னு நீதான சொன்ன? பதிமூணுல மூச்சு வாங்குவான்."

"பதினாலுல ஆளைக் கீழ போட்டவனுக்குப் பதிமூணுல எப்படிங்க மாமா மூச்சு வாங்கும்?"

மாமா வாயைத் திறப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது. பன்னிரண்டு தறியும் ஒன்றாகக் கிளம்பின. அவர் என்னமோ சொன்னார், ஒன்றும் காதில் விழவில்லை. இரண்டு கையின் பத்து விரலும் போதாமல், பத்தைக் காட்டி, மடக்கி, மறுபடி மூன்றைக் காட்டிக்கொண்டே இருந்தார். நான் அறுந்த இழையைத் தேடிக் குனிந்தேன்.