கடைக்கு கணக்கு சிஸ்டம் போட்ட கதை – பெஸ்தாரி ஜெயா ஹார்ட்வேர் கடையிலேர்ந்து ஒரு ரிவியூ

எங்க கடை மலேசியாவுல, சிலாங்கூர் பெஸ்தாரி ஜெயாவுல இருக்கு, 2007ல ஊரு பேரை மாத்துனாங்க, ஆனா பழைய ஆளுங்க கிட்ட பத்தாங் பெர்ஜுந்தைன்னு சொன்னாதான் தெரியும். செம்பனை (எண்ணெய்ப் பனை) வெட்டுற அருவா, பூட்ஸ், உர மூட்டை, புல்லு மருந்து, பைப்பு, ஆணி, பெயிண்டு, எல்லாம் வச்சிருக்கோம். இந்த நாட்டுல யாவாரத்துக்குன்னு முதன்முதல்ல 1917ல செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் எங்க பக்கத்துலதான், அதனால இந்த ஊரு யாவாரமே தோட்டத்தை நம்பித்தான் ஓடுது, தோட்டத்தை நம்புனா கடன் குடுத்துதான் ஆகணும். காண்ட்ராக்டருக்கு அவரோட பில் பாஸ் ஆகணும், அப்புறம்தான் நமக்கு காசு. வீட்டுக்கு சாமான் வாங்குறவங்க சம்பளத்துக்கு சம்பளம் குடுப்பாங்க. இதெல்லாம் அப்பா 555 நோட்டுலயும் (கடன் எழுதுற சின்ன நோட்டு) பேரேட்டுலயும் எழுதி வச்சிதான் முப்பது வருஷத்துக்கு மேல கடை நடத்துனாரு.

சாஃப்ட்வேர் பேரு நான் இங்க போடப் போறதில்ல. நம்ம நாட்டுல சின்ன கடைங்களுக்கு விக்கிற கணக்கு சாஃப்ட்வேருங்க எல்லாம் அடிப்படை வேலைய ஒழுங்காதான் செய்யுது. வித்தியாசம் வர்றது அதைக் கொண்டு வந்து போட்டுக் குடுக்கிற டீலர்கிட்டதான், அதனால ரிவியூ அந்த வேலையப் பத்திதான்.

முதல் தடவ போட்டது ஜிஎஸ்டி நேரத்துல. 2015 ஏப்ரல் 1லேர்ந்து 6 விழுக்காடு ஜிஎஸ்டி வந்தப்ப எல்லா கடையும் அவசர அவசரமா வாங்குச்சு, நாங்களும் வாங்குனோம். அந்த டீலர் ஒரே நாள்ல வந்து கம்ப்யூட்டர்ல ஏத்தி, பிரிண்டர் ஓடுதான்னு பாத்துட்டு, கடன் பாக்கி எல்லாத்தையும் ஆளுக்கு ஒரு தொகைன்னு மொத்தமா போட்டுட்டு போயிட்டாரு. ஒரு காண்ட்ராக்டர் பேருல 6,240 வெள்ளி (ரிங்கிட்)னு ஒரே ஒரு வரி, எந்த பில்லு, எந்த தேதி, ஒன்னும் கெடையாது. அவர் வந்து "எதுக்கு இவ்ளோ?"ன்னு கேட்டா மறுபடியும் 555 நோட்டைத்தான் தொறக்கணும். ஸ்டாக்கும் அப்படித்தான், எண்ணவே இல்ல, சும்மா ஒரு நம்பரைத் தட்டி விட்டாங்க. 2018 ஜூன் 1ல ஜிஎஸ்டி ஜீரோ ஆனதும் அப்பா கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிட்டு திரும்பவும் பேரேட்டுக்கே போயிட்டாரு, நான் அவரை குறை சொல்லமாட்டேன், அந்த சிஸ்டம் சொன்ன கணக்கைவிட அவரு நோட்டு சரியா இருந்துச்சு.

இந்த தடவ கட்டாயம் இ-இன்வாய்ஸால வந்துச்சு, அதாவது பில்லை ஆன்லைன்ல வரி இலாகாவுக்கு அனுப்புறது. 2022 விற்பனைய வச்சி, 1 மில்லியனுக்கு மேல 5 மில்லியன் வெள்ளி வரைக்கும் உள்ளவங்க 2026 ஜனவரி 1ல ஆரம்பிக்கணும்னு வரி இலாகா எல்எச்டிஎன் சொல்லிட்டாங்க, நாங்க அதுல வர்றோம். அதுக்கு முன்னாடியே தோட்ட ஆபீஸ்லேர்ந்து கிராணி (கிளார்க்கு) போன் போட்டு "தம்பி, இனிமே டின் நம்பரோட இ-இன்வாய்ஸ் குடுத்தாதான் பேமெண்ட்டு"ன்னு சொல்லிட்டாரு, டின்னுன்னா வரி அடையாள நம்பரு. கம்ப்யூட்டர் சிஸ்டம் வேணாம்னா மைஇன்வாய்ஸ் போர்ட்டல் இலவசமா இருக்கு, ஒவ்வொன்னா கையால தட்டலாம், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு பில்லு போடுற கடைக்கு அதுவே போதும், யாரும் டீலர் பேச்சைக் கேட்டு பயந்து வாங்க வேண்டியதில்ல. எங்களுக்கு அப்படி முடியாது, அதனால கிள்ளான்ல ஒரு டீலரைப் புடிச்சோம்.

இவங்க முதல் நாள் கம்ப்யூட்டரையே தொடல. அதுதான் எனக்கு முதல்ல புடிச்சது. ரெண்டு பேரு வந்து கடைய சுத்திப் பாத்து, பில்லு புக்கைப் பாத்து, சப்ளையர் பில்லைப் பாத்து, எங்க கணக்கு அக்கா பக்கத்துல உக்காந்து ஒரு மத்தியானம் முழுக்க கேள்வியா கேட்டாங்க. அக்கா இருபது வருஷமா எங்க கடையில கணக்கு எழுதுறவங்க, யாரு எப்ப குடுப்பா, யாரு செக்கு திரும்பும், எல்லாம் தலையில இருக்கு. அப்புறம் ஒரு தேதி குறிச்சாங்க, டிசம்பர் 31 ராத்திரி கணக்கை மூடணும், ஜனவரி 1லேர்ந்து புதுசு. அதுக்கு முன்னாடி நாங்க செய்ய வேண்டிய வேலைன்னு ஒரு பேப்பர் குடுத்தாங்க, மூணு மாச வேலை அது, சொல்லப்போனா உண்மையான செட்டப்பே அதுதான்.

அதுல பெரிய தலைவலி ஸ்டாக்கு. ஹார்ட்வேர் கடை வச்சிருக்கவங்க இந்த இடத்தை கவனமா படிங்க. தண்ணி ஹோஸ் வாங்குறது ரோல் கணக்குல, ஒரு ரோல் 100 மீட்டரு, விக்கிறது மீட்டர்ல. ஆணி வாங்குறது பெட்டியா, விக்கிறது கிலோவா, சிலபேரு கால் கிலோ கேப்பாங்க. சிஸ்டத்துல ஒவ்வொரு சாமானுக்கும் அடிப்படை அளவு என்ன, பெரிய அளவுல அது எத்தனை இருக்குன்னு சரியா போடணும். டீலர்கிட்டேர்ந்து வந்த பொண்ணு டெஸ்டுக்கு 3 மீட்டர் ஹோஸ் வித்துக் காட்டுனாங்க, ஸ்கிரீன்ல ஸ்டாக்கு 5லேர்ந்து 2 ஆயிடுச்சு! மீட்டருக்கு பதிலா ரோல்ல கழிச்சிருக்கு, 300 மீட்டர் ஒரே நிமிஷத்துல காணோம். அதை அப்பவே புடிச்சி, அடிப்படை அளவை மீட்டருக்கு மாத்தி, 500ன்னு போட்டு, மறுபடி வித்துப் பாத்தா 497. இந்த மாதிரி எங்க கடையில நூத்துக்கு மேல சாமான் இருந்துச்சு, ஒன்னொன்னா அக்காவும் நானும் பாத்தோம். 2015ல இதை யாருமே எங்களுக்கு சொல்லல, அதனாலதான் அப்போ ஸ்டாக்கு எல்லாம் மைனஸ்ல கெடந்துச்சு.

கடன் பாக்கிய இந்த தடவ பில்லு பில்லா ஏத்துனோம். டீலர் பையன் "மொத்தமா போட்டா ஒரு நாள்ல முடிஞ்சிடும், பில்லு பில்லா போட்டா ஒரு வாரம் ஆகும், ஆனா அப்பதான் எது 30 நாள் பாக்கி, எது 90 நாள் பாக்கின்னு ரிப்போர்ட் வரும்"னு நேர்மையா சொன்னாரு, முடிவை எங்க கிட்ட விட்டாரு. அக்கா ஒரே வார்த்தையில "பில்லு பில்லாவே போடுவோம்"னாங்க. 555 நோட்டுல இருந்ததுல பாதிக்கு பேரு இல்ல, "மில்லு டிரைவர் பைப்பு 4"ன்னு மட்டும் இருக்கும், அதுக்கெல்லாம் ஆளைக் கூப்பிட்டுக் கேட்டு கையெழுத்து வாங்குனோம். கேட்டதுல யாரும் கோவிச்சுக்கல, ரெண்டு பேரு அங்கேயே காசு குடுத்துட்டு போனாங்க.

சின்ன விஷயம் ஒன்னு, ஆனா தெனமும் கழுத்தறுக்கும். 2008 ஏப்ரல்லேர்ந்து ரொக்கம் குடுத்தா மொத்த பில்லை 5 சென்னுக்கு ரவுண்ட் பண்ணணும், தெரியும்ல. பில்லு 17.98, வாங்குறது 18.00. இந்த 2 சென்னுக்குன்னு சிஸ்டத்துல தனியா ஒரு கணக்கு இல்லன்னா சாயந்திரம் கல்லாவும் கம்ப்யூட்டரும் ஒத்துப் போகாது. முதல் வாரம் தெனமும் பத்து சென், பதினஞ்சு சென் வித்தியாசம் வந்து அக்கா ராத்திரி எட்டு மணி வரைக்கும் உக்காந்து கூட்டிக்கிட்டு இருந்தாங்க, எனக்கு பாக்கவே மனசு கஷ்டமாயிடுச்சு. போன் பண்ணுனோம், டீலர் தூரத்துலேர்ந்தே கனெக்ட் பண்ணி அஞ்சு நிமிஷத்துல சரி பண்ணுனாங்க. ஆனா இதை அவங்க செட்டப் அன்னைக்கே கேட்டிருக்கணும், இது அவங்க தப்புதான்.

இன்னொரு குறை, டிரைனிங். ஒன்றரை நாள் குடுத்தாங்க, மலாயும் இங்கிலீஷும் கலந்து, வேகமா. எனக்கு பரவால்ல, ஆனா தினமும் அதுல வேலை செய்யப்போறது அக்கா. அவங்க தமிழ்ப் பள்ளியில படிச்சவங்க, பற்று வரவு, ஐந்தொகைன்னு சொன்னா என்னைவிட நல்லா புரியும், பேலன்ஸ் ஷீட்னு ஸ்கிரீன்ல வந்தப்ப மட்டும் தயங்குனாங்க. ரெண்டும் ஒன்னுதான் அக்கான்னு சொன்ன ஒடனே மடமடன்னு புடிச்சிட்டாங்க. கணக்கு தெரிஞ்சவங்களுக்கு பட்டன் எங்க இருக்குன்னுதான் காட்டணும், கணக்கு தெரியாதவங்களுக்கு எவ்ளோ நல்ல சாஃப்ட்வேர் வாங்கிக் குடுத்தும் வேலைக்கு ஆகாது. பழைய கணக்கரை நிறுத்திட்டு கம்ப்யூட்டர் தெரிஞ்ச பிள்ளைய சேக்கலாம்னு யாராவது நெனச்சா தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க.

இ-இன்வாய்ஸ் பக்கம் பெருசா பிரச்சனை இல்ல. கம்பெனி, தோட்டம், மில்லுக்கு தனித்தனியா போகுது, கியூஆர் கோடோட வருது, தப்பா போச்சுன்னா 72 மணி நேரத்துக்குள்ள கேன்சல் பண்ணலாம். கேக்காத சில்லறை வாடிக்கைங்களோட விற்பனைய மொத்தமா சேத்து மாசம் முடிஞ்சி ஏழு நாளுக்குள்ள அனுப்பணும். ஒரே பில்லு 10,000 வெள்ளிக்கு மேல போனா அதை மட்டும் மொத்தத்துல சேக்கக்கூடாது, தனியாத்தான் போடணும், உரம் வாங்க வர்றவங்களுக்கு இது அடிக்கடி வரும், அதனால முன்னாடியே டின் நம்பர் கேட்டு வாங்கி வச்சிக்கோங்க.

இடி மழைய மறக்காதீங்க. நம்ம ஊருல சாயந்திர இடி எப்படின்னு தெரியும், கரண்ட்டு ஒரு தடவ வெட்டிட்டு வந்தா பில்லு பாதியில நிக்கும். யுபிஎஸ் ஒன்னு 300 வெள்ளிக்குள்ள வாங்குனோம். தெனமும் கடை மூடுறப்ப பேக்கப் எடுத்து ஒன்னு ஹார்ட் டிஸ்க்ல, ஒன்னு ஆன்லைன்ல. கணக்கை ஏழு வருஷம் வச்சிருக்கணும்னு வரிச் சட்டமே சொல்லுது, ஒரே கம்ப்யூட்டரை நம்பி ஏழு வருஷம் உக்காந்திருக்க முடியாது.

செலவு, சாஃப்ட்வேர், செட்டப், டிரைனிங் எல்லாம் சேத்து எங்களுக்கு 4,600 வெள்ளி ஆச்சு, வருஷ சப்போர்ட் தனி. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல சப்போர்ட் போன் எடுக்க மாட்டாங்க, எங்களுக்கு அன்னைக்குத்தான் கூட்டம், இதை மாத்தச் சொல்லிக் கேட்டிருக்கேன். மத்தபடி அஞ்சுக்கு நாலு ஸ்டார் தாராளமா குடுப்பேன். ஜனவரி, பிப்ரவரி ரெண்டு மாசம் பேரேடும் கம்ப்யூட்டரும் ரெண்டுமே எழுதுனோம். பிப்ரவரி கடைசியில அப்பா கண்ணாடியப் போட்டுக்கிட்டு பேரேட்டையும் பிரிண்ட் எடுத்த பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சி ஒவ்வொரு பேருக்கும் விரலை வச்சி பாத்தாரு, ஒரு மணி நேரம் ஒன்னும் பேசல. கடைசி பேரும் ஒத்துப் போனதும் பேனாவ எடுத்து பேரேட்டுல அந்த தேதிக்குக் கீழ ஒரு கோடு போட்டு மூடுனாரு. மார்ச்சுலேர்ந்து கம்ப்யூட்டர் மட்டும்தான்.