மளிகைச் சீட்டோடு வைத்துப் படிக்க வேண்டிய கையேடு: ‘இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டு நெறிகள்’ மதிப்புரை

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட ‘இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டு நெறிகள்’ இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. மொத்தம் 17 நெறிகள்; கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர் எனப் பலருக்கும் தனித்தனியே அறிவுரைகள் உண்டு. உடல் எடை ஏறாமல் காக்க விரும்பும், அல்லது ஏறிய எடையைக் குறைக்க விரும்பும் பெரியவர்களுக்கு இந்தக் கையேடு எவ்வளவு உதவும் என்பதை மட்டுமே இங்கே பார்க்கிறேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 40.4 சதவீதத்தினரும் ஆண்களில் 37 சதவீதத்தினரும் அதிக எடை கொண்டவர்கள் என்பதால், இந்தக் கேள்வி நம் வீடுகளுக்கு நேரடியாகவே பொருந்தும்.

கையேட்டின் பெரிய பலம், எந்த ஒரு பொருளையும் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாததுதான். சோற்றை விட்டால் போதும், எண்ணெயை ஒழித்தால் போதும் என்று நாள்தோறும் கேட்டுச் சலித்த நமக்கு, ஒரு நாள் முழுதும் எது எவ்வளவு உள்ளே போகிறது என்பதை மொத்தமாகப் பார்க்கச் சொல்லும் இந்த அணுகுமுறை பெரிய ஆறுதல். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை வைத்து நடந்து 2019-இல் வெளியான ஆய்வும் இதையே உணர்த்துகிறது. சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு ஆகியவற்றின் அளவு ஒத்திருக்குமாறு இரு வகை உணவுகளைப் பரிமாறி, விரும்பிய அளவு சாப்பிட விட்டார்கள். ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவை உண்ட இரண்டு வாரங்களில் அவர்கள், பதப்படுத்தாத உணவை உண்ட நாட்களைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உண்டு, சராசரியாக 0.9 கிலோ எடை கூடினார்கள். அத்தகைய உணவுகளைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கையேடு ஒரு தனி நெறியாகவே வைத்திருப்பது சரியான முடிவு.

இனி, ஒரு நாள் உணவைத் தட்டில் பிரித்துக் காட்டும், கையேட்டின் உயிரான படத்துக்கு வருவோம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2000 கலோரி என்ற கணக்கில் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம் என்று அது பிரித்துக் காட்டுகிறது. தானியமும் பருப்பும் சமைப்பதற்கு முந்தைய எடை என்பதைக் கவனிக்க வேண்டும். 100 கிராம் அரிசி வெந்தால் ஏறக்குறைய இரண்டரை மடங்குச் சோறாகிவிடும். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவில் தோசை என்று உண்ணும் வீட்டில், மாவுக்கு ஊறப்போட்ட அரிசியும் அந்த 250 கிராமுக்குள்தான் அடங்க வேண்டும்.

இந்த எண்களைத் தட்டில் அளந்து பார்ப்பதைவிட மாத மளிகைச் சீட்டில் வைத்துப் பார்ப்பதே எளிது என்பது என் கருத்து. பெரியவர்கள் நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 27 கிராம் எண்ணெய் என்பது மாதத்துக்குச் சுமார் மூன்றேகால் கிலோ, அதாவது ஒரு லிட்டர் பாக்கெட்டில் மூன்றரை. நெய்யும் இதில் சேர்த்தி. தானியம் 30 கிலோ. பருப்புதான் திகைக்க வைக்கிறது: 10 கிலோவுக்குச் சற்று மேல்! முட்டை, மீன், இறைச்சி சாப்பிடுகிறவர்கள் அதில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் எங்கள் சீட்டில் துவரை, உளுந்து, பாசிப்பருப்பு, கொண்டைக்கடலை எல்லாவற்றையும் கூட்டியும் இதில் பாதி வரவில்லை. சாம்பாரை நீர்க்கக் கரைத்துச் சோற்றை நிறையப் பிசைந்து உண்ணும் நம் பழக்கத்தில், வயிறு நிறைந்தும் விரைவில் பசிப்பதற்கான காரணம் இந்த ஒரு கணக்கிலேயே தெரிந்துவிடுகிறது. தானியம் மொத்தக் கலோரியில் 45 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை எட்டுவதற்கு, சோற்றைக் குறைப்பதோடு பருப்பையும் காயையும் கூட்டியாக வேண்டும்; குறைப்பதை மட்டும் செய்கிறவர்கள் மாலையில் முறுக்கு டப்பாவைத் தேடுவார்கள்.

குறைகளும் உண்டு. பரவலாகப் பகிரப்படுவது தட்டுப் படம் மட்டுமே. ஆனால் அது எல்லோருக்கும் பொருந்தாது. அதே நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு பரிந்துரைப்படி, உட்கார்ந்தே வேலை செய்யும் 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது 1660 கலோரிதான். அவர் படத்தை நம்பி 2000 கலோரி உண்டால் எடை ஏறவே செய்யும். உடலுழைப்புக்கு ஏற்ற அட்டவணைகள் உள்ளே இருந்தும், பலர் அந்தப் பக்கங்கள் வரை போவதில்லை. அடுத்த பதிப்பில் உழைப்புக்கேற்ப இரண்டு மூன்று தட்டுகளை முகப்பிலேயே அச்சிட வேண்டும். செலவு இன்னொரு தடை: நான்கு பேருக்கு நாளொன்றுக்கு 1.6 கிலோ காயும் கீரையும் வாங்குவது, தக்காளி விலை ஏறும் மாதங்களில் பல குடும்பங்களுக்கு இயலாத காரியம். முருங்கைக்கீரை, சுரைக்காய், பூசணி போன்ற மலிவானவற்றைக் கொண்டு இந்த அளவை எட்டும் வழியை இன்னும் விரிவாகச் சொல்லியிருக்கலாம்.

எடை குறைப்பதைப் பற்றிய பகுதி நிதானமானது. வாரத்துக்கு அரை கிலோ குறைவது பாதுகாப்பானது, எந்த உணவுத் திட்டமும் 1000 கலோரிக்குக் கீழே போகக் கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. மாதத்தில் பத்து கிலோ குறைப்பதாக விளம்பரம் செய்பவர்களிடம் பணம் கட்டும் முன் படிக்க வேண்டிய பக்கங்கள் இவை. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: சிறுநீரக நோய் உள்ளவர்களும் சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பருப்பு, பழ அளவுகளை அப்படியே பின்பற்றக் கூடாது.