ஆல்பம் முடிந்தால் முடியட்டுமே: பாட்டுச் செயலியும் 2024-உம்

போன வாரம் நண்பன் ஒருவன் மெசேஜ் அனுப்பியிருந்தான். “ஒரு வருஷமா காசு கட்டி பாட்டு கேக்குறியே, எப்படிடா இருக்கு? நானும் போடவா?” ‘போடு’ அல்லது ‘போடாதே’ என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். பதில் எழுத உட்கார்ந்தால் அது நீண்டுகொண்டே போனது. அவன் கேட்டது செயலியைப் பற்றி. எனக்கு வந்ததெல்லாம் 2024-இல் வந்த பாட்டுகளைப் பற்றியும், அவற்றை நிம்மதியாகக் கேட்கவிடாத ஒரே ஒரு வசதியைப் பற்றியும்தான். அவனுக்கு அனுப்பவேண்டியதை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

செயலியின் பெயர் வேண்டாம். இந்த விஷயத்தில் எல்லாமே ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான். கோடிக்கணக்கில் பாட்டு, விளம்பரம் கிடையாது, இறக்கி வைத்துக்கொள்ளலாம், பாடல் வரிகள் கூடவே ஓடும். இதெல்லாம் தெரிந்ததே. ஒலித் தரத்திலும் எனக்குக் குறை இல்லை. என் காதுக்கும் என் ஹெட்போனுக்கும் அதுவே அதிகம்.

என் பிரச்சினை இதுதான்: ஆல்பம் முடிந்தாலும் செயலி நிற்காது, தானாக வேறு எதையாவது ஓட்ட ஆரம்பித்துவிடும்.

மே மாதம் நடந்ததைச் சொன்னால் புரியும். அமெரிக்க ஒலிப்பதிவாளரும் பாடகருமான ஸ்டீவ் ஆல்பினி மே 7 அன்று மாரடைப்பால் இறந்துபோனார். வயது 61. நிர்வானா ராக் குழுவின் 1993 ஆல்பத்தை ஒலிப்பதிவு செய்தவர். எனக்கு ராயல்டி எல்லாம் வேண்டாம், குழாய் ரிப்பேர் செய்பவருக்குத் தருவதுபோல வேலைக்குக் கூலி கொடுங்கள் போதும் என்று அந்தக் குழுவுக்கே கடிதம் எழுதிய ஆள். அவருடைய சொந்தக் குழுவான ஷெல்லாக், பத்து வருஷம் கழித்து ‘டு ஆல் டிரெயின்ஸ்’ என்று ஒரு ஆல்பம் தயாராக வைத்திருந்தது. அவர் போய் சரியாகப் பத்தாவது நாள், மே 17, அது வெளியானது. பத்துப் பாட்டு, மொத்தமே 28 நிமிஷம். கடைசிப் பாட்டின் தலைப்பு ‘ஐ டோன்ட் ஃபியர் ஹெல்’. நரகத்துக்குப் பயமில்லை என்கிறார். பாடும்போது, பாட்டு வெளியாகும் நாளில் தான் இருக்கப்போவதில்லை என்று அவருக்குத் தெரியாது. கேட்கிற நமக்குத் தெரியும்.

அன்றைக்கு விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டேன். வழக்கமாக நான் அப்படியெல்லாம் சீன் போடுகிற ஆள் இல்லை. கடைசிப் பாட்டு முடிந்தது. தொண்டையில் ஏதோ அடைத்தது. மூச்சை விடுவதற்குள் யாரோ நாலு பேர் கைதட்டிக்கொண்டு, விசிலடித்துக்கொண்டு, வா வா கடற்கரைக்குப் போகலாம் என்கிற தொனியில் பாட ஆரம்பித்துவிட்டார்கள். இழவு வீட்டில் யாருடைய போனோ அலறியதுபோல இருந்தது. இருட்டில் போனைத் தேடி, கண்ணாடியைத் தட்டிவிட்டு, நிறுத்துவதற்குள் அந்தக் கடற்கரைப் பாட்டு ஒரு சரணம் முடித்திருந்தது.

அதை அணைக்க வழி இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். அமைப்புகளுக்குள் போய், இன்னும் ஒரு அடுக்கு உள்ளே போய், விரல் தேயக் கீழே தள்ளினால் ஒரு சின்னப் பொத்தான். அணைத்தேன். மறுநாள் கணினியில் திறந்தால் மறுபடியும் பாடுகிறது. ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாக அணைக்கவேண்டுமாம். சரி, கணினியிலும் அணைத்தேன். ஸ்பீக்கரிலும் அணைத்தேன். ஆகஸ்டில் ஒரு அப்டேட் வந்தது, போனில் பொத்தான் பழையபடி பச்சையாகிவிட்டது. இப்படி வருஷத்தில் நான்கு தடவை. மனிதன் செய்தால் இதற்குப் பெயர் அடம்.

சின்ன விஷயத்துக்கு ஏன் இவ்வளவு குதிக்கிறான் என்று தோன்றலாம். இண்டி ஆல்பம், அதாவது பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல் ஆல்பம், போடுகிறவர்கள் எந்தப் பாட்டை எங்கே வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கடைசிப் பாட்டுக்குப் பிறகு வரும் வெறுமையும் அவர்கள் வைத்ததுதான். அதைச் செயலி ‘காலி இடம்’ என்று நினைத்து நிரப்புகிறது.

இதற்கு நேர் எதிரான அனுபவமும் அதே வருஷத்தில்தான் கிடைத்தது. சிண்டி லீ என்ற பெயரில் பாடும் பேட்ரிக் ஃபிளெகல், முன்பு கால்கரியின் ‘விமென்’ குழுவில் இருந்தவர், மார்ச் கடைசியில் ‘டயமண்ட் ஜூபிலி’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். 32 பாட்டு, இரண்டு மணி நேரத்துக்கும் மேல். அப்போது எந்தப் பெரிய செயலியிலும் கிடையாது. யூடியூபில் முழு ஆல்பமும் ஒரே நீள வீடியோவாக இருந்தது. இல்லையென்றால், ஜியோசிட்டீஸ் என்ற பழைய இலவச வலைத்தளச் சேவையின் பெயரைத் தாங்கிய, 1990-களில் யாரோ கட்டி மறந்துபோனது போன்ற ஒரு வலைப்பக்கத்துக்குப் போய் வேவ் ஒலிக் கோப்புகளாக இறக்கிக்கொள்ளவேண்டும். விருப்பப்பட்டால் காசு அனுப்பலாம். ஏப்ரலில் பிட்ச்ஃபோர்க் என்ற இசை விமர்சன இணையப் பத்திரிகை இதற்கு 10-க்கு 9.1 மதிப்பெண் போட்டது. அந்தப் பத்திரிகையில் அது எவ்வளவு அபூர்வம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

முதலில் என் செயலியில் தேடினேன். சம்பந்தமே இல்லாத எதையெதையோ கொண்டுவந்து நிறுத்தியது. அப்புறம் அந்த வலைப்பக்கத்துக்குப் போய், ஜிப் கோப்பு இறங்கும் நீலக் கோடு மெதுவாக நகர்வதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பிரித்து, கேபிள் தேடி, போனில் ஏற்றினேன். வேவ் கோப்பைப் பாட வைக்க ஒரு பழைய பிளேயரை நிறுவினேன். எம்பி3 காலத்துக்குப் பிறகு இந்த வேலையெல்லாம் கைக்கே மறந்துபோயிருந்தது. இவ்வளவு மெனக்கெட்டு எடுத்து வந்ததை, பிடிக்கவில்லை என்று பாதியில் தள்ளிவிட மனசு வருமா? முதல் தடவையே முழுதாகக் கேட்டேன். அறுபதுகளின் பெண்கள் குழுப் பாட்டுகளை நடு ராத்திரி, எங்கேயோ தூரத்து ரேடியோவில், இரைச்சலுக்கு நடுவே பிடித்துக் கேட்பதுபோல இருக்கும். சில பாட்டில் குரல் கிடாருக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். சில இடங்களில் ஸ்பீக்கர் கெட்டுவிட்டதோ என்று பார்ப்பேன்.

முடிந்தது. பழைய பிளேயர் சும்மா நின்றது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த வருஷத்தின் சிறந்த வசதி எது என்று என்னைக் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அக்டோபரில் அதே ஆல்பம், கலைஞர்கள் நேரடியாகப் பாட்டு விற்கும் தளமான பேண்ட்கேம்பிலும் வந்தது. அங்கேயும் போய் வாங்கினேன். இலவசமாக வைத்திருப்பதை எதற்கு வாங்கினாய் என்று வீட்டில் கேட்டார்கள். பதில் இல்லை.

டிசம்பரில் செயலி ஆண்டுச் சுருக்கம் அனுப்பியது. வண்ண வண்ணமாகத் திரை திரையாக ஓடும் அந்தச் சமாச்சாரம். அதன்படி நான் அதிகம் கேட்ட கலைஞர் யார் என்று பார்த்தால், எனக்கு ஆளே தெரியவில்லை. பெயரைத் தட்டிப் பார்த்தேன். வார்த்தையே இல்லாத, மெத்தைமாதிரி ஒரு கிடார் இசை. கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான் விளங்கியது. ராத்திரி ஏதாவது ஆல்பம் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவேன். ஆல்பம் முடிந்ததும் செயலி தானாக எடுத்து ஓட்டியதெல்லாம் விடிய விடிய என் கணக்கில் ஏறியிருக்கிறது. நான் குறட்டை விட்ட நேரத்துக்கெல்லாம் சேர்த்து, அந்தக் கலைஞரின் தீவிர ரசிகர் நீங்கள் என்று வாழ்த்து வேறு. இருபது தடவையாவது கேட்ட ‘டயமண்ட் ஜூபிலி’க்கு அதில் ஒரு நிமிஷம்கூட இல்லை. பலர் அந்தச் சுருக்கத்தைப் பெருமையாகப் பகிர்ந்திருந்தார்கள். அதில் எத்தனை பேர் தூங்கியது என்று யாருக்குத் தெரியும்?

சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் இதில் காசும் இருக்கிறது. என் சந்தா நான் கேட்டவர்களுக்குத்தான் போகும் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். பெரும்பாலான நிறுவனங்களில் கணக்கு அப்படி இல்லை. எல்லாருடைய பணத்தையும் ஒரே அண்டாவில் கொட்டி, மொத்தக் கேட்பில் யாருக்கு எவ்வளவு பங்கோ அந்த விகிதத்தில் பிரிக்கிறார்கள். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால் ஒரு கேட்பு. 2024 தொடக்கத்திலிருந்து அங்கே இன்னொரு விதியும் வந்தது: முந்தைய 12 மாதத்தில் 1,000 கேட்பைத் தொடாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. அறைக்குள் உட்கார்ந்து தனியாகப் பாட்டுப் போடும் ஒருவருக்கு 1,000 என்பது சின்ன எண் இல்லை. எந்தச் செயலியாக இருந்தாலும், நான் விழித்திருந்து தேடிக் கேட்ட கேட்பும், தூக்கத்தில் தானாக ஓடிய கேட்பும் அந்தத் தராசில் ஒரே எடைதான்.

பேண்ட்கேம்ப் ரொம்ப நல்லது என்றும் சொல்லவரவில்லை. பாட்டு விற்றால் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள், மிச்சம் பெருமளவு கலைஞருக்கு. 2020 மார்ச்சில் ஆரம்பித்த ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ நாட்களில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள். ஆனால் அந்த நிறுவனமே 2022-இல் ஒரு கை, 2023-இல் இன்னொரு கை என்று மாறியது. இரண்டாவது கைமாற்றத்தில் ஊழியர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வேலை இழந்தார்கள். அவர்களுடைய செயலியில் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதுதான்.

எதைக் கேட்கலாம் என்று சொல்கிற மனிதர்களும் குறைந்துகொண்டே போகிறார்கள். 2024 ஜனவரியிலேயே பிட்ச்ஃபோர்க்கை ஜிக்யூ என்ற ஆண்கள் பத்திரிகைக்குள் சேர்ப்பதாக அறிவித்து, பலரை வீட்டுக்கு அனுப்பினார்கள். 9.1 போட்டது அதற்குப் பிறகும் மிச்சமிருந்தவர்கள்தான். இன்னொரு பக்கம் பிரிட்டிஷ் பாப் பாடகி சார்லி எக்ஸ்சிஎக்ஸின் ‘பிராட்’ ஆல்பம். ஜூனில் வந்தது. அந்தக் கண்ணைக் குத்தும் பச்சை அட்டையை, ஒரு பாட்டும் கேட்காதவர்கள்கூட அடையாளம் சொன்னார்கள். காலின்ஸ் அகராதி அந்த வார்த்தையையே ஆண்டின் சொல்லாக அறிவித்தது. அந்த ஆல்பத்துக்கு யாருடைய பரிந்துரையும் தேவைப்படவில்லை. இண்டி பக்கத்தில் கதை வேறு. அங்கே யாராவது கையைப் பிடித்துக் காட்டினால்தான் உண்டு.

இங்கேதான் ஒரு உண்மையை ஒத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. எழுதாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

மார்ச் 22 அன்று அமெரிக்கப் பாடகி வாக்ஸஹாச்சியின் ‘டைகர்ஸ் பிளட்’ ஆல்பம் வந்தது. கேட்டு முடித்தேன். அடுப்படியில் கை ஈரமாக இருந்ததால் போனைத் தொடவில்லை. செயலி வழக்கம்போல அடுத்து ஒன்றை ஓட்டியது. கொஞ்சம் சோம்பலான, மூக்கால் பாடுகிற ஒரு குரல். அதற்குப் பின்னால் தள்ளாடி வரும் கிடார். இந்தக் குரலை இப்போதுதானே கேட்டோம் என்று தோன்றியது. எம்.ஜே. லெண்டர்மன். ‘டைகர்ஸ் பிளட்’டில் கிடார் வாசித்தவர், கூடப் பாடியவரும் அவரே. செயலிக்கு அந்தத் தொடர்பு தெரிந்து போட்டதா, குருட்டாம்போக்கில் விழுந்ததா, தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டு போய் அவருடைய பழைய ஆல்பங்களை எல்லாம் கேட்டேன். செப்டம்பரில் அவருடைய ‘மேனிங் ஃபயர்வொர்க்ஸ்’ வருவதற்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அது வந்தது. அந்த வருஷம் நான் விழித்திருந்து அதிகம் கேட்டது அதைத்தான்.

அதன் கடைசிப் பாட்டு ‘பார்க் அட் தி மூன்’ பத்து நிமிஷம். பாடுவது முதல் மூன்று நான்கு நிமிஷம்தான். மீதியெல்லாம் வெறும் இரைச்சல், ரீங்காரம், கிடார் தானாக முனகிக்கொண்டிருப்பது. முதல் தடவை கேட்டபோது இது ஏதோ கோளாறு என்று நினைத்தேன். இப்போது அந்த ஆறேழு நிமிஷத்துக்காகவே கேட்கிறேன். கடைசியில் அது அடங்கும்போது என் கட்டைவிரல் போன் திரைக்கு மேலே தயாராக நிற்கும், அடுத்த பாட்டு குதிப்பதற்கு முன் அமுக்க. எந்த வசதி அவரை எனக்குக் காட்டியதோ, அதனிடமிருந்தே அவருடைய பாட்டைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

மதிப்பெண் கேட்டால் இன்றைக்கு 5-க்கு 2. நேற்று ராத்திரி பொத்தான் மறுபடியும் பச்சையாகிவிட்டது என்பதால் 2. செப்டம்பரில் கேட்டிருந்தால் வாய்கூசாமல் 4 போட்டிருப்பேன். இவ்வளவு திட்டிவிட்டு, இன்று காலை சந்தாவையும் இன்னொரு வருஷத்துக்குப் புதுப்பித்துவிட்டேன்.

ஆகவே நண்பா, போடு. நிறுவியதும் முதல் வேலையாக அந்தப் பொத்தானை அணை, எல்லாக் கருவியிலும். ‘டயமண்ட் ஜூபிலி’யை அதில் தேடாதே, அந்த வலைப்பக்கத்தின் இணைப்பைத் தனியாக அனுப்புகிறேன். வேவ் கோப்பு, ஒரு ஜிபிக்கு மேல் இருக்கும். வைஃபையில் இறக்கு.