64 யூரோவும் ஒரு கடைசிக் காட்சியும்: தமிழ் உபதலைப்பை நம்பிப் பணம் கட்டப் போகிறவர்களுக்கு

இணையத்தில் படம் காட்டும் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்று காலை வந்த மின்னஞ்சலைப் படித்த சூடு ஆறுவதற்குள் இதை எழுதுகிறேன். “தாங்கள் குறிப்பிடும் திரைப்படம் குறித்துப் பார்வையாளர்களிடையே மாறுபட்ட கருத்துகள் நிலவுவது இயல்பே, ஆகையால் செலுத்திய தொகையைத் திருப்பித் தர இயலாது” என்று அதில் இருக்கிறது. படம் எனக்குப் பிடிக்கவில்லை என்று நான் முறையிடவில்லை. படத்தின் கடைசிக் காட்சி இல்லை என்றே முறையிட்டேன். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஐந்து நாளாக அவர்களுக்கு எழுதி எழுதி விளக்கிய பிறகு எனக்குக் கிடைத்த விடை இது. என் 64 யூரோ போனது போனதுதான் என்று தெரிகிறது. உங்களுடையதாவது தப்பட்டும்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. உலகத் திரைப்படங்களைத் தமிழ் உபதலைப்புடன் இணையத்தில் காட்டுவதாகச் சொல்லி ஆண்டுச் சந்தா வாங்கும் சேவை அது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பாரிசுக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகியும் என் பிரெஞ்சு, பண்டகசாலையில் பெட்டி எண்ணுவதற்கும் மருத்துவரிடம் நோவைச் சொல்வதற்கும் போதுமான பிரெஞ்சுதான். ஊரில் தமிழ் படிப்பித்தவன் நான். திரையில் வேகமாகப் பேசுகிறவர்களைப் பின்தொடர என்னால் முடியாது. வேலையிடத்து மதிய உணவு மேசையிலோ, மூன்று பேர் பல ஆண்டுகளாக ஒரே படத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கிறார்கள். மைக்கேல் ஹனேக்கே இயக்கி 2005இல் வெளிவந்த ‘காஷே’ என்ற படம் அது. ‘மறைக்கப்பட்டது’ என்று பொருள். அந்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான விருதை அவருக்குப் பெற்றுத் தந்தது. படம் பார்க்காதவர்கள் கவனிக்க வேண்டும், இனி வருவதில் கதை முழுவதும் வெளிப்படும்.

தொலைக்காட்சியில் புத்தக நிகழ்ச்சி நடத்தும் ஜோர்ஜ் என்பவரின் வீட்டு வாசலில் ஒளிநாடாக்கள் வந்து விழுகின்றன. அந்த வீட்டையே தெருவிலிருந்து மணிக்கணக்காகப் படம் பிடித்திருக்கிறார்கள், வேறு மிரட்டலோ கோரிக்கையோ இல்லை. நாடாவைச் சுற்றியிருக்கும் தாளில் சிறு பிள்ளை வரைந்தது போல, வாயில் இரத்தம் வழியும் முகம். யார் அனுப்புகிறார்கள் என்று தேடிப்போகும் ஜோர்ஜுக்கு, தான் ஆறு வயதில் பொய் சொல்லி அநாதை விடுதிக்கு அனுப்பிவைத்த மஜித் என்ற அல்ஜீரியச் சிறுவனின் நினைவு வருகிறது. மஜித்தின் பெற்றோர் ஜோர்ஜ் வீட்டுப் பண்ணையில் வேலை செய்தவர்கள். 1961 அக்டோபர் 17 அன்று பாரிசில் நடந்த ஊர்வலத்துக்குப் போய்த் திரும்பி வராதவர்கள். யார் அனுப்பினார்கள் என்பதைப் படம் கடைசிவரை வாய்விட்டுச் சொல்வதில்லை. சண்டை அதில்தான்.

பாரந்தூக்கி வண்டி ஓட்டும் பிரெஞ்சுக்காரர், இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டு விடை தராமல் அனுப்பியது ஏமாற்று என்பார். அந்தக் கமரா நிற்கும் இடத்தில் உண்மையாகவே ஒரு கமரா நின்றிருந்தால் ஜோர்ஜ் அதில் முட்டியிருப்பார், ஆகவே நாடாவை அனுப்பியது இயக்குநர்தான் என்பது அவருடைய வாதம். போர்த்துக்கல்காரப் பெண்மணி, கடைசிக் காட்சியை ஒழுங்காகப் பார்த்தவருக்கு ஜோர்ஜின் பையனும் மஜித்தின் பையனும் சேர்ந்து செய்தது என்று விளங்கும் என்பார். அல்ஜீரியக் குடும்பத்தில் பிறந்த மூன்றாமவருக்கு இரண்டு பேர் மேலும் கோபம். “எங்கள் ஆள் மஜித் தன் கழுத்தை அறுத்துச் செத்துத்தான் அந்த ஜோர்ஜுக்கு மனச்சாட்சி வரவேணுமா? செத்த பிறகும் வரவில்லையே” என்பது அவர் கேள்வி. நான் சோற்றுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டிருப்பேன்.

ஆகவே ‘காஷே, தமிழ் உபதலைப்புடன்’ என்ற விளம்பரம் கைப்பேசியில் வந்தபோது என் மனம் எப்படித் துள்ளியிருக்கும் என்பதை நீங்கள் ஊகிக்கலாம். ஆயினும் உடனே பணம் கட்டவில்லை, நான் அவ்வளவு ஏமாளி இல்லை என்ற நினைப்பு எனக்கு இருந்தது. படத்தின் கீழே பார்வையாளர் கருத்துகள் இருந்தன, ஒன்று விடாமல் படித்தேன். எல்லாவற்றிலும் ஐந்து நட்சத்திரம். “கடைசி ஐந்து நிமிடத்தில் குற்றவாளி யார் என்று தெரியும்போது உறைந்துபோனேன்” என்றார் ஒருவர். “பின்னணி இசை நெஞ்சைப் பிசைகிறது” என்றார் இன்னொருவர். “தமிழில் இவ்வளவு சுத்தமான உபதலைப்பை நான் கண்டதில்லை” என்றார் மூன்றாமவர்.

நான் வழுக்கி விழுந்த இடம் அதுதான் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். குற்றவாளி தெரிகிறார் என்ற வரியைப் படித்ததும், என் மேசைக்காரர் மூவரும் படத்தைக் கவனமாகப் பார்க்காமலே இத்தனை காலம் கத்தியிருக்கிறார்கள், திங்கட்கிழமை நான் போய் விடையைச் சொல்லி வாயடைக்கலாம் என்று எண்ணினேன். அந்த ஆசையில்தான் அட்டை எண்ணை அடித்தேன். உடனடியாகப் பார்க்கத் தொடங்குவதால் ஒப்பந்தத்திலிருந்து விலகும் உரிமையைக் கைவிடுகிறேன் என்று ஒரு சிறு பெட்டி இருந்தது, அதையும் அழுத்தினேன். 64 யூரோ கழிந்தது.

ஞாயிறு இரவு மனைவியும் நானும் தேநீரோடு உட்கார்ந்தோம். முதலில் ஒரு தெரு. ஒன்றும் அசையவில்லை. படம் இறுகி நின்றுவிட்டது என்று நினைத்து எழுந்து இணையப் பெட்டியை அணைத்துப் போட்டேன். பிறகுதான் ஓரமாக ஒருவர் நடந்து போனதைப் பார்த்து, படம் தொடங்குவதே இப்படித்தான் என்று விளங்கியது. இதை நிறுவனத்தின் தவறாகச் சொல்லவில்லை, அது ஹனேக்கேயின் குறும்பு. ஆனால் சரியாக நாற்பது நிமிடம் கழித்துப் படம் உண்மையாகவே இறுகி நின்றபோது, இதுவும் கலையாக்கும் என்று நாங்கள் இருவரும் ஒரு பொட்டுக் கதையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த முட்டாள்தனத்தை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

உபதலைப்பைப் பற்றி ஒரு தமிழ் ஆசிரியனாகக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அதை எந்த மனிதரும் எழுதியிருக்க முடியாது. ஜோர்ஜ் சிறு வயதில், அப்பா சொன்னார் என்று பொய் சொல்லி மஜித்தைக் கொண்டு சேவலை வெட்டுவிக்கிறார். சேவலுக்கும் முட்டை முதலியவற்றின் ஓட்டுக்கும் பிரெஞ்சில் ‘கொக்’ என்று ஒரே ஒலி. திரையில் ஜோர்ஜ் அந்தச் சேவல் கதையைச் சொல்லும்போது, கீழே “ஓட்டைக் கொல்லச் சொன்னேன்” என்று ஓடுகிறது. இது சிரித்துவிட்டுப் போகக் கூடியது. அடுத்தது அப்படியல்ல. அந்த அக்டோபர் இரவைப் பற்றி முழுப் படத்திலும் பேசப்படுவது சில வரிகளே. இருநூறு அளவிலான அராபியரைச் சென் நதியில் மூழ்கடித்தார்கள் என்று ஜோர்ஜ் மனைவியிடம் அவசரமாகச் சொல்லிக் கடந்து போகிறார், படத்தின் அச்சாணி அந்த வரிதான். நதியின் பெயரும் நாடக மேடைக்கான சொல்லும் பிரெஞ்சில் ஒரே ஒலி. “இருநூறு அராபியரை மேடையில் மூழ்கடித்தனர்” என்று எங்களுக்குத் தமிழில் வந்தது. அந்நாளைய பொலிஸ் தலைமை அதிகாரி பப்போனின் பெயர் “அப்பா” ஆகியிருந்தது. யாருடைய அப்பா என்று மனைவி கேட்டார்.

அல்ஜீரியர்களுக்கு மட்டும் விதிக்கப்பட்ட ஊரடங்கை எதிர்த்து அன்று நிராயுதபாணிகளாக வந்தவர்களைப் பாரிஸ் பொலிஸ் அடித்தும் சுட்டும் ஆற்றில் எறிந்தும் கொன்றது. இறந்தோர் தொகையை ஒரு கை விரலுக்குள் அடக்கி அரசு அப்போது அறிக்கை விட்டது; எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒன்றுபடவில்லை. சன் மிஷேல் பாலத்தருகே ஒரு நினைவுப் பலகை வைப்பதற்கே 2001 வரை நாற்பது ஆண்டுகள் ஆயின. செத்தவர்களின் தொகையைக் குறைத்துச் சொல்லும் அறிக்கைகளைப் பற்றி எங்களுக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அதனால்தான் அந்த ஒரு வரியை இப்படிக் குதறி வைத்ததை என்னால் வெறும் எழுத்துப்பிழையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இனி கடைசிக் காட்சி. பண்ணை முற்றத்தில் சிறுவன் மஜித்தை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவதைத் தூரத்திலிருந்து காட்டுகிறார்கள். அது முடிந்த கணமே எங்கள் திரையில் ஒரு சமையல் போட்டி நிகழ்ச்சியின் விளம்பரம் பாய்ந்து வந்தது. படம் முடிந்தது என்றார்கள். குற்றவாளியும் இல்லை, இரண்டு பையன்களும் இல்லை. மூன்று முறை பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன், மூன்று முறையும் சமையல் போட்டிதான் வந்தது. திங்கட்கிழமை மேசையில் இதைச் சொன்னபோது மூவரும் முதல் தடவையாக ஒரே கருத்துடன் சிரித்தார்கள். “பள்ளிக்கூடப் படிக்கட்டு வரவில்லையா?” என்றார் போர்த்துக்கல்காரப் பெண்மணி. படத்தின் பெயர்ப்பட்டியல் அந்தப் படிக்கட்டுக் காட்சியின் மேலேதான் ஓடுகிறது. பெயர்ப்பட்டியலை வெட்டுகிறோம் என்று நினைத்து இவர்கள் முடிவையே வெட்டியிருக்கிறார்கள்.

அன்று மாலையே எழுதினேன். இணைய வேகத்தைச் சரிபார்க்கச் சொன்னார்கள். செவ்வாய் எழுதினேன், செயலியை அழித்து மீண்டும் நிறுவச் சொன்னார்கள், நிறுவினேன், சமையல் போட்டி. புதன்கிழமை தொலைபேசியில் ஒரு பிள்ளை மிகவும் மரியாதையாக, “ஐயா, இது கலைப்படம், இப்படித் திடீரென்றுதான் முடியும், நிறையப் பேர் இப்படிக் கேட்கிறவை” என்றார். நீங்கள் படத்தைப் பார்த்தீர்களா தம்பி என்று கேட்டேன். சற்று நேரம் சத்தமில்லை. மேலதிகாரியிடம் தருகிறேன் என்று ஓர் இசையைப் போட்டுவிட்டுப் போனவர் திரும்பவில்லை. பதினொரு நிமிடம் அந்த இசையைக் கேட்டேன். வியாழன், அந்தச் சிறு பெட்டியை நான் அழுத்தியதற்கான படத்தை அனுப்பினார்கள். ஒரு முறையீட்டுக்கு அவர்கள் உடனடியாகவும் பிழையில்லாத தமிழிலும் பதில் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

இடையில் படத்தின் பக்கத்தில் என் கருத்தையும் பதிந்தேன்: கடைசிக் காட்சி இல்லை, உபதலைப்பு தவறு, இரண்டு நட்சத்திரம். ‘பரிசீலனையில் உள்ளது’ என்றார்கள். இன்றும் பரிசீலனையில்தான் உள்ளது. அதற்குள் மேலும் இரண்டு ஐந்து நட்சத்திரங்கள் முளைத்துவிட்டன. அவை எங்கிருந்து வருகின்றன என்பதற்கு விடை, என்னைத் துரத்திவிட்ட இன்றைய மின்னஞ்சலின் அடியிலேயே இருந்தது: ஐந்து நட்சத்திரக் கருத்து எழுதினால் ஒரு மாதம் இலவசம்.

புதன் இரவு, அல்ஜீரியக் குடும்பத்து நண்பர் தன் வீட்டிலிருந்த ‘காஷே’ இறுவட்டை (டிவிடி) தந்தார். ஒரு சதமும் வாங்கவில்லை. பிரெஞ்சு உபதலைப்பைப் போட்டு, விளங்காத இடத்தில் நிறுத்தி அகராதி பார்த்துப் பார்த்து மூன்றரை மணி நேரத்தில் முடித்தோம். அப்போதுதான் கவனித்தேன், அந்தப் படத்தில் பின்னணி இசையே கிடையாது. நெஞ்சைப் பிசைந்த இசை எங்கிருந்து வந்ததோ! இல்லாத இசையையும் வெளிப்படாத குற்றவாளியையும் புகழ்ந்தவர்களை நம்பித்தான் நான் 64 யூரோ கட்டியிருக்கிறேன். என் மேசையில் மூன்று பேர் மூன்று விதமாகச் சண்டை பிடித்தார்களே, மூவரும் படத்தைப் பார்த்திருந்தார்கள்.

படிக்கட்டுக் காட்சியில் முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, பள்ளி விட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள், அவ்வளவுதான். மனைவிதான் திரையின் இடது ஓரத்தைத் தொட்டுக் காட்டினார்: ஜோர்ஜின் மகனும் மஜித்தின் மகனும் ஏதோ பேசுகிறார்கள், சொல் ஒன்றும் கேட்கவில்லை. பையன்கள்தான் அனுப்பினார்கள் என்கிறார் மனைவி. அந்தப் பேச்சு நாடாக்களுக்கு முன்பு நடந்ததா பின்பு நடந்ததா என்றே தெரியாதபோது எப்படிச் சொல்லலாம் என்பது என் கட்சி. இந்தத் தகராறுக்காகத்தானே பணம் கட்டினேன், அது இலவசமாகக் கிடைத்தது.

அறிவுரை விரிவாக எழுதலாம் என்றுதான் தொடங்கினேன், வேலைக்கு நேரமாகிறது. பணம் கட்டுமுன் ஓர் உபதலைப்பு மாதிரி கேளுங்கள். மனிதரைப் பிரிக்கும் படத்துக்கு எல்லாக் கருத்தும் ஒரே மாதிரி இருந்தால் ஒதுங்கிப் போங்கள். இங்கே இணையத்தில் வாங்குவதற்குப் பொதுவாகப் பதினான்கு நாள் விலகும் உரிமை உண்டு, அந்தச் சிறு பெட்டி அதைத்தான் பறிக்கிறது; அதை அழுத்துமுன் ஒரு தடவை படியுங்கள். தானாகப் புதுப்பித்தலை முதல் நாளே நிறுத்துங்கள், நான் இன்றுதான் நிறுத்தினேன். அரசின் ‘சிக்னல் கொன்சோ’ இணையத்தளத்தில் முறைப்பாடும் பதிந்திருக்கிறேன், ஏதாவது நடந்தால் எழுதுகிறேன். இறுவட்டைத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்குள் அந்தப் படிக்கட்டை இன்னொரு முறை பார்க்க வேண்டுமாம், மனைவி இப்போதே எடுத்து வெளியில் வைத்திருக்கிறார்.